மேல் வரிசையில் நடு இடம்

எங்கள் ஸ்டேடியத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஐந்தே ஐந்து வரிசை, மைதானத்துக்கு ஒரு பக்கம் மட்டும், தலைக்கு மேலே கூரை கிடையாது, நெருக்கி உட்கார்ந்தால் இருநூறு பேர். இதற்குப் பெயர் ஸ்டேடியமா, பஸ் ஸ்டாப்பா என்று வெளி டீமிலிருந்து ஆட வந்த ஒருத்தன் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வெல்டிங் கடைக்காரனுக்கு நாக்கிலும் பொறி பறக்கும் என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும். ஆனால் அந்த ஸ்டேடியத்தில் சிரிக்கவே முடியாத தப்பு ஒன்று இருந்தது. அதைச் செய்தவன் நான். சிரித்தவர்களில் ஒருத்தன் கண்ணிலும் அது படவில்லை.

தாராவியில் எங்கள் ஃபுட்பால் கிளப் ஆரம்பித்தது நான் பிறப்பதற்கு முன்னால். தோல் வேலைக்கும் இட்லி வியாபாரத்துக்குமாகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது வெளிக் காற்று வாங்கலாம் என்று ஆரம்பித்தது. மைதானம் முனிசிபாலிட்டியுடையது. மழையில் சேறு, வெயிலில் புழுதி. ஆட்டம் பார்க்கிறவர்கள் எல்லைக் கோட்டைச் சுற்றி நின்றுகொண்டே பார்க்க வேண்டும். முன்னால் நிற்பவன் உயரமாக இருந்தால் அவன் பிடரியைத்தான் பார்க்க வேண்டும்.

என் அண்ணன் அந்த மைதானத்தில் இருபது வருடம் ஆடினான். என்னைவிட நாலு வயது மூத்தவன். கால் ஓய்ந்த பிறகு கிளப்புக்குத் தலைவர் ஆனான், நான் செயலாளர். பிழைப்புக்கு அவனுக்குத் தோல் பை தைக்கிற வேலை. கீழே நாலு மெஷின் போட்ட பட்டறை, மேலே குடியிருப்பு. முப்பது வருடமாக அந்தப் பசையின் நெடியிலேயே இருந்தவன். ஆளைப் பார்த்தால் ஒல்லி, வாயைத் திறந்தால் நையாண்டி, கோபம் வந்தால் மட்டும் பேச்சே வராது. நான் நேர் எதிர். எனக்குக் கோபம் வந்தால்தான் பேச்சே வரும்.

ஸ்டேடியம் வேண்டும் என்று ஆரம்பித்தவன் அவன்தான். ஏன் வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேல இருந்து ஒரு ஆட்டத்த முழுசாப் பாக்கணும்ல" என்றான். "ஒரு பந்து எங்கன கெளம்பி எங்கன போய்ச் சேருதுன்னு பாக்கணும். இத்தன வருசமா பாதி ஆட்டத்த அடுத்தவன் தோளு வழியாத்தான பாத்துருக்கேன்."

டிவியில் தினமும் காட்டுகிறானே என்றேன். டிவியில் ஆடுகிறவன் நம்ம பயலா என்று கேட்டான். மேல் வரிசையில் நடு இடம், அது மட்டும் தனக்கு, வேறு மரியாதை ஒன்றும் வேண்டாம் என்றான். நான் சரி என்றேன். கிளப்பில் எல்லோருக்கும் அது தெரியும். கட்டி முடிக்கும்வரை அந்த இடத்துக்கு 'தலைவர் சீட்' என்றுதான் பெயர்.

படம் போட்டுக் கொடுத்தது மாட்டுங்காவில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர். ஒரு காலத்தில் அவருடைய ஆபீஸ் டீமுக்காக எங்களை எதிர்த்து ஆடி, சேற்றில் விழுந்து எழுந்தவர். அவர் வீட்டு கேட்டை நான் ரிப்பேர் செய்யப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன், மறுவாரமே படத்தோடு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் எட்டு எட்டு வரிசை, மேலே கூரை. அண்ணன் அந்தப் படத்தைத் தோல் வெட்டுகிற மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, பட்டறைக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

வார்டு ஆபீஸில் அது நடக்கவில்லை. கிழக்குப் பக்கம் புது ரோடு வரப் போகிறது, அங்கே ஏற்கெனவே தகரத் தடுப்பு வைத்தாயிற்று, அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. சிமெண்ட் கூடாது, நாளைக்குக் கழற்றச் சொன்னால் கழற்றுகிற மாதிரி இரும்பில்தான் இருக்க வேண்டும். கூரை கூடாது. ஒரு பக்கம், ஐந்து வரிசை. இப்போதே கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லையென்றால் ஃபைல் திரும்பிப் போய்விடும் என்றார்கள். திரும்பிப் போன ஃபைல் என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஒரு போன் கூடப் போடாமல் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

"ரெண்டு பக்கம் ஒண்ணாச்சு, எட்டு அஞ்சாச்சு" என்றான் அண்ணன். "இன்னும் நாலு நாள் ஒங்கிட்ட விட்டா ஒத்த நாற்காலியாக்கிருவ போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல" என்றான். அதில் சிரிப்பு இல்லை. நான் விடுவேனா. நாள் முழுக்க அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான், நீயா உட்கார்ந்தாய் என்று பட்டறையில் வேலைக்காரர்கள் முன்னாலேயே கத்தினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

இன்ஜினியர் சார் ஐந்து வரிசைக்கு மறுபடியும் படம் போட்டார். அண்ணன் அதையும் மேஜையில் விரித்துப் பார்த்தான். வரிசைகளை அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படியும் எத்தனை அங்குல உயரம் என்று சாரிடம் கேட்டான். ஆறரை என்றார் அவர். அண்ணன் தோல் அளக்கிற ஸ்கேலை எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, ஆறரையில் விரலை வைத்துப் பார்த்தான். இவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. ஒருத்தன் பழைய சேனல் இரும்பு தந்தான், ஒருத்தன் ஆங்கிள் தந்தான், மீதியை நான் குர்லா பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கினேன். அண்ணன் தினமும் வந்தான். காலி பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். முன்பெல்லாம் ஒரு கம்பியை நான் தூக்கினால் மறு முனையை அவன் தூக்குவான். இப்போது வாளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். சரி, இருக்கட்டும் மகாராஜா என்று விட்டுவிட்டேன்.

இனிப் படிக்கட்டு விஷயம். தாராவியில் இரும்பு வேலை செய்கிறவனுக்கு மட்டும் புரிகிற விஷயம் இது. எங்கள் பக்கம் வீட்டுக்கு நீளம் அகலம் உண்டு, ஏணிக்குக் கிடையாது. வீடு போக, சந்து போக, மிஞ்சுகிற இடம்தான் ஏணிக்கு. இரண்டடி மிஞ்சினால் இரண்டடியில் வைப்போம், ஒன்றரை மிஞ்சினால் ஒன்றரையில். சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கும், அடிக்கு ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் அதில் ஏறுவார்கள். தோளில் கேஸ் சிலிண்டரோடு ஏறுவார்கள். முப்பது வருடமாக நான் செய்ததெல்லாம் அந்த ஏணிதான். அளவெடுக்காமலே என் கை அடிக்கு ஒரு படி வைத்துக்கொண்டு போகும். அண்ணன் வீட்டு மாடிக்குப் போகிற ஏணியும் நான் செய்ததுதான்.

இப்படிப்பட்ட என்னிடம், படிக்கட்டுக்கு மட்டும் எட்டடி விட்டு ஒரு படம் வந்தால்? எட்டடி! எட்டடியில் எங்கள் பக்கம் ஒரு குடும்பம் குடியிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மூன்றடியில் என் ஏணியை வைத்தால் வரிசைக்கு மூன்று பேர் கூடுதலாக உட்காரலாம். ஐந்து வரிசைக்குப் பதினைந்து பேர். சின்னதாகிவிட்டது, சின்னதாகிவிட்டது என்று மனசுக்குள் குமைகிற அண்ணனுக்கு, இந்தா பதினைந்து இடம் கூட என்று காட்டலாம். அவனுக்காகத்தான் செய்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்ஜினியர் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வேண்டாம்ப்பா" என்றார். "வயசானவா வருவா, முட்டிவலிக்காரா வருவா. அவாள்லாம் இதுல எப்படி ஏறுவா?"

"சார், எங்க ஆளுங்க எல்லாம் ஏணியிலயே பொறந்து ஏணியிலயே வளந்தவங்க" என்று சிரித்தேன். உன் இஷ்டம் என்று போனை வைத்துவிட்டார்.

ஏணியைக் கடையில் வைத்தே செய்தேன். ஆறு படி, அடிக்கு ஒன்று. கையோடு, வரிசைகள் இருக்கிற ஸ்டாண்டின் இரண்டு ஓரத்தையும் தகரம் அடித்து மூடினேன். இல்லையென்றால் சின்னப் பயல்கள் பக்கவாட்டில் தொற்றி ஏறி விழுந்து வைப்பார்கள். திறக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஏணியைக் கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்கினேன். அதுவரை அண்ணன் அதைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மாட்டுங்கா டீமோடு ஆட்டம். மூன்று மணிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. மேல் வரிசை நடுவில் ஒரு சிவப்புத் துண்டை விரித்து வைத்திருந்தோம். நான் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டையே பார்த்தேன். அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவரே மேலே வாங்க என்று கத்தினார்கள்.

அவன் ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினான். இரண்டாவது படி ஏறினான். அங்கேயே நின்றான். மேலேயிருந்து எனக்கு அவன் தலையும் முதுகும் தெரிந்தன. சட்டை முதுகில் ஏறி ஏறி இறங்கியது. கோபத்தை அடக்கும்போது அவனுக்கு அப்படித்தான் மூச்சு வாங்கும். பிறகு ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்துக் கீழே இறங்கினான்.

"நான் கீழயே நிக்கேன்" என்று அங்கிருந்தே சொன்னான். "இங்கன இருந்து நல்லாத் தெரியுது."

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தடதடவென்று இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"பெருசாக் கட்டலன்னு இத்தன பேரு முன்னாடி வீம்பு பண்ணுதியா?" என்றேன். "ஒனக்காவத்தான் கட்டுனேன். ஒன் சீட்டுல நீ ஒக்கார மாட்ட, அப்படித்தான?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் தாடையால் மைதானத்தைக் காட்டினான்.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. போய்ப் பாருல" என்றான்.

நான் மேலே போனேன். அந்தச் சிவப்புத் துண்டின்மேல் நானே உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன், அவன் பார்க்கட்டும் என்று. அவன் சொன்னது நிஜம்தான், மேலேயிருந்து பார்த்தால் அது வேறு ஆட்டம். யார் எங்கே ஓடப் போகிறான், பந்து எங்கே வந்து விழப் போகிறது, எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது. அந்தக் கோபத்திலும் நான் அதை ரசித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்தான். மேலே வரவில்லை, கீழ் வரிசையில்கூட உட்காரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், வடக்கே ஸ்டாண்ட் முடிகிற மூலையில், கொஞ்சம் பின்தள்ளி, ஒரு தண்ணீர்க் குழாய் முழங்கால் உயரத்துக்குப் போகும். கொஞ்ச நேரம் அதில் உட்காருவான், கொஞ்ச நேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எனக்குப் போக வர அந்த ஒரு வழிதான். அவனைத் தாண்டித்தான் போவேன். பேச மாட்டேன். அவனும் பேச மாட்டான். நான் இப்போது செம்பூரில், லிஃப்ட் வைத்த பில்டிங்கில் இருக்கிறேன். கடைக்கு மட்டும்தான் தாராவி. அவன் பட்டறை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகப் பழகிவிட்டேன். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாங்களேன் என்று மனைவி எத்தனையோ தடவை சொன்னாள். மூத்தவன் அவன், அவன் பேசட்டும் என்றேன். ஐம்பது தாண்டியவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் பேசினேன்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை காலை அண்ணன் மனைவி, என் மதினி, போன் செய்தாள். சயான் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மூச்சுவிட முடியவில்லை என்றாள். ஓடினேன். நுரையீரல் எப்போதோ கெட்டுவிட்டது, இவர் இத்தனை நாள் எப்படி நடமாடிக்கொண்டிருந்தார் என்று டாக்டர் என்னிடம் இந்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மதினியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

மூன்று நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். கையைத் தொட்டுக்கொண்டிருந்தேன், அதை அவன் விலக்கவில்லை. இருந்தும் எனக்குள் ஒரு முள் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அவன் முதலில் பேசுவான் என்று அங்கேயும் காத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்தது தப்புதான்ல என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று பார்த்தேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தான். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினான்.

"போன ஞாயித்துக்கெழம" என்றான். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான். "அந்த ரெண்டாவது கோலு. அது யாருல போட்டா?"

இத்தனை நாள் கழித்துப் பேச இதுதான் கிடைத்ததா இவனுக்கு என்று இருந்தது.

"நீயும் அங்கனதான நின்ன" என்றேன். "ஒனக்குத் தெரியாதாக்கும்."

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மாஸ்க்கை அவனே இழுத்து மூடிக்கொண்டான். நான் டீ குடிக்கப் போனேன். மறுநாள் விடியும்போது போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்களெல்லாம் போன பிறகு, பட்டறையில் நானும் மதினியும் மட்டும் இருந்தோம். அவனுடைய பழைய ஜெர்சியைக் கிளப்பில் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று பையன்கள் கேட்டிருந்தார்கள். அதை எடுக்கலாமென்று ஏணியில் கால் வைத்தேன்.

"மேல போவாதீங்க தம்பி" என்றாள் மதினி. "அவுக சாமான் மேல ஒண்ணும் கெடையாது. எல்லாம் கீழதான் இருக்கு."

வெட்டுகிற மேஜைக்கு அடியில் ஒரு சூட்கேஸ், சுருட்டிய பாய், தலையணை. அவன் கீழே படுக்கிறான் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். மேலே தகரக் கூரை, வெக்கை தாங்கவில்லை என்று அவனே என்னிடம் சொல்லியிருந்தான். அதைத்தான் மதினியிடம் சொன்னேன்.

"ஆடி மாச மழையில என்ன வெக்க தம்பி?" என்றாள். "அவுகளால ஏணி ஏற முடியல. ரெண்டு படி ஏறுனா மூச்சு நின்னுரும். ஆறு மாசமா சோத்தக் கூட நான்தான் கீழ கொண்டாந்து குடுத்தேன்."

நான் ஏணியிலிருந்து காலை எடுத்தேன். ஏணியைப் பார்த்தேன். இரண்டு படி. வெள்ளைச் சட்டை முதுகில் ஏறி இறங்கியது ஞாபகம் வந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மதினி நிறுத்தவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை வரிசையாகச் சொன்னாள். நோய் என்று தெரிந்தால் மைதானத்துக்கு வராதே, வீட்டில் இரு என்பார்கள், எல்லோரும் பாவம் பார்ப்பார்கள் என்று, யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் மேலே வா என்று இழுப்பார்கள் என்றுதான் கேட்டோடு நின்றுகொண்டானாம். இன்ஜினியர் போட்ட படத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்த அன்று அவனுக்கு ஒரே சந்தோஷமாம். ஸ்டேஷன் பாலத்துப் படி மாதிரி இருக்கிறது, இதில் நான் ஏறிவிடுவேன் என்றானாம். அதற்காகவே தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் பாலத்துக்குப் போய் ஏறிப் பழகினானாம். முதல் நாள் மூன்று படி. அப்புறம் ஐந்து. நின்று நின்று, கைப்பிடியைப் பிடித்து, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகப் போக.

"ஸ்டேடியம் தொறக்க ரெண்டு நாளைக்கு முன்ன, பன்னெண்டு படி ஏறிட்டேன் பாத்துக்கோன்னு வந்து சொன்னாக" என்றாள். "சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாக. அன்னைக்கு இஸ்திரி போட்ட சட்டதான் வேணும்னு சொன்னதும் அவுகதான்."

படத்தில் இருந்தது பதினோரு படி.

திறப்பு அன்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் என்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"படி வேற மாதிரி ஆயிட்டுன்னு மட்டும் சொன்னாக. தம்பிட்ட சொல்லுங்கன்னு சொன்னேன், ஒரு நாள்ல மாத்திருவாகளேன்னேன். வேண்டாம், அவன் ஆசயா செஞ்சுட்டான், இப்பச் சொன்னா அவன் ஒடைஞ்சு போவான்னாக."

நான் அழுதேன். பட்டறை என்றும் பார்க்கவில்லை, மதினி என்றும் பார்க்கவில்லை. கத்தத்தான் தெரியும் எனக்கு, அதனால் கத்தித்தான் அழுதேன்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போய் அந்த ஏணியைக் கழற்றினேன். போல்டைத் திருகிக் கழற்றப் பொறுமை இல்லை, கேஸ் கட்டரால் அறுத்தேன். இன்ஜினியர் சாருக்குச் சொல்லியனுப்பினேன், பழைய படத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நான்தான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமா இருந்திருக்கணும்ப்பா என்றார். ஆறரை அங்குலம், பதினோரு படி, எட்டடி. ஒவ்வொரு படிக்கும் டேப் வைத்து அளந்தேன். என் கையை நான் இனி நம்புவதாக இல்லை. பதினைந்து இடம் போயிற்று. இடம் குறைகிறதே என்று கிளப்பில் ஒருத்தன் முனகினான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் நகர்ந்துவிட்டான்.

படி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடத்தில் அவள் மைதானத்துக்கு வந்ததே இல்லை. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். பாதியில் நின்று காலடியில் இருந்த படியைப் பார்த்தாள். மேல் வரிசையில் நடு இடத்தில் அவளை உட்கார வைத்தேன். இங்கேயிருந்துதான் பார்க்க வேண்டும் என்றார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் எனக்கும் இடம் இருந்தது. உட்கார முடியவில்லை. கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில், அண்ணன் நிற்கிற இடத்துக்குப் போனேன். அந்தக் குழாயில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்து அவனை மாதிரியே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கை பட்டுப் பட்டு அந்த இடத்தில் மட்டும் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து வடக்கே இருக்கும்வரை நன்றாகத் தெரிந்தது. நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனதும் காணாமல் போயிற்று. நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். வேலியோடு ஒட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. ஸ்டாண்டின் ஓரத்துக்கு நான் அடித்த தகரம் மறைத்தது. அந்த இடத்திலிருந்து பாதி மைதானம் கிடையாது, தெற்குக் கோல் போஸ்ட் கிடையாது. இங்கன இருந்து நல்லாத் தெரியுது என்று சொன்னானே. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவன் பார்த்தது பாதி ஆட்டம். மீதியை, மேலே உட்கார்ந்திருக்கிற நாங்கள் போடுகிற சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

அவன் கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த இரண்டாவது கோல் தெற்குக் கோலில்தான் விழுந்தது. ஸ்டாண்டே எழுந்து நின்று கத்தியது, நானும் கத்தினேன், மேலே அவனுடைய சீட்டில் நின்றுகொண்டு. அவன் இங்கே நின்று கேட்டிருக்கிறான். யார் போட்டது என்று தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறான். தெரிந்துகொள்ளலாமென்று, ஆஸ்பத்திரியில் மாஸ்க்கைத் தூக்கி, என்னிடம் கேட்டான்.

வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"நம்ம லெஃப்ட் பேக்குண்ணே" என்றேன். "கார்னர்ல வந்த பந்து. தலையால முட்டிப் போட்டான்."